நான்கு சிடியில் ஓடிய கப்பல்

அக்கா வளைகாப்பு முடிந்து கரக்பூரிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது நன்றாகத்தான் நடந்து வந்தாள். ஹவுரா ஸ்டேஷனில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட, அவள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் குலுங்க முன்னால் போனாள். பத்தாவது நாள் டாக்டர் அவளை நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். கழிப்பறைக்கும் குளிக்கவும் எழுந்துகொள்ளலாம். மற்ற நேரமெல்லாம் இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்க வேண்டும். பிரசவம் வரைக்கும் அப்படித்தான்.

முந்தின வருடம் அவளுக்கு ஒரு குழந்தை ஐந்தாம் மாதத்திலேயே கலைந்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. அக்கா மட்டும் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். "ஏட்டி, என்ன யோசன?" என்று அம்மா கேட்டால், "ஒண்ணுமில்ல, அசையுதான்னு பாக்கேன்" என்பாள். அசைந்தால் சிரிப்பாள். அரை மணி நேரம் அசையாவிட்டால் அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து வயிற்றில் கை வைப்பாள். ஒரு நாளைக்கு இப்படி ஆறேழு தடவை நடந்தது. இன்னும் எட்டு வாரம் இருந்தது. பயந்து பயந்தே இவள் உடம்பைக் கெடுத்துக்கொள்வாளோ என்று எனக்குப் பயம்.

ஒரு நாள் சாயங்காலம் நான் சால்ட் லேக்கில் இருக்கிற என் சாஃப்ட்வேர் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது கேட்டாள்.

"ஏல, அந்தக் கப்பல் இருக்கா?"

எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கப்பல்தான்.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்தபோது, ஏதோ ஒரு கம்பெனி கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பா துறைமுகத்தில் கலாசி, கப்பலின் வடக்கயிறுகளைப் பிடித்துக் கட்டுகிற வேலை. கிதிர்பூர்க் குடியிருப்பில் எங்களுக்கு ஒரு அறையும் ஒரு சமையலறையும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடிக்கப்போகிற முதல் ஆள் நான் என்பதால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வீட்டில் பீரோவைவிட மரியாதை இருந்தது. அதோடு கிதிர்பூர்ச் சந்தையில் நான் வாங்கி வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. அட்டைப் பெட்டிக்குள் நான்கு சிடி. கல்லூரியில் சேர உதவும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

அதில் நாம் ஒரு நீராவிக் கப்பலின் தபால் குமாஸ்தா. கப்பல் ஒரு நதியில் எதிர்த்துப் போகும். பையில் பத்துக் கடிதங்கள். ஒவ்வொரு துறையிலும் இறங்கி, பூட்டிய கதவையும் நின்றுபோன கடிகாரத்தையும் சரிசெய்து, கடிதம் யாருடையதோ அவரிடம் சேர்க்க வேண்டும். முதல் சிடி கடலோரம், இரண்டாவது சதுப்பு நிலம், மூன்றாவது மலையடிவாரம், நான்காவது நதி பிறக்கிற இடம். பத்தாவது கடிதத்தின் உறையில் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. அது யாருக்கு என்பதுதான் விளையாட்டு.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அம்மா வீட்டு வேலைக்குப் போக, என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நின்றாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக்கூட்டும் அளவுக்குத்தான் வரும். அதனால் எழுத்து என் வேலை, படம் அவள் வேலை. நான் படித்துச் சொல்வேன். அவள் திரையையே பார்த்திருந்துவிட்டு, "அந்த விளக்கு போன தடவ இடப்பக்கமில்லா இருந்துச்சு?" என்பாள். போய்ப் பார்த்தால் விளக்குக்குப் பின்னால்தான் சாவி இருக்கும். மூன்றாவது சிடி முடிகிற நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "நான் இல்லாம நாலாவதப் போட்ட, கொன்னுருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கரக்பூர் ரயில் ஏறினாள். அவள் முதல் முறை விருந்துக்கு வருவதற்குள் அந்தக் கம்ப்யூட்டர் புகைந்து செத்துப்போனது. நாங்கள் சேமித்து வைத்திருந்த பயணமும் அதோடு போயிற்று. பெட்டி மட்டும் பீரோவின் மேல்தட்டில் ஏழெட்டு வருடமாக இருந்தது.

இப்போது என்னிடம் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. ஆனால் அதில் கப்பல் ஓடாது. அவ்வளவு பழைய விளையாட்டு. போட்டால் திரை ஒரு தடவை கறுத்து, திரும்ப வந்து, ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். அப்போதுதான் ஆபீஸில் எமுலேட்டர் பற்றிக் கேள்விப்பட்டேன். புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருப்பதாக விளையாட்டை நம்பவைக்கிற மென்பொருள். ஒவ்வொரு சிடியையும் அப்படியே ஒரு கோப்பாக நகல் எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டால், சிடி உள்ளே இருப்பதாகவே விளையாட்டு நினைத்துக்கொள்ளும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதல் சிடி, இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ஒழுங்காக நகலாகின. நான்காவது பாதி வழியில் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால், பளபளக்கிற பக்கத்தில் நாலணா அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு, நடுவில் கருஞ்சிவப்பு. மறுநாள் ஆபீஸில் நாங்கள் தாதா என்று கூப்பிடுகிற பக்கத்து நாற்காலி வங்காளி அண்ணனிடம் காட்டினேன். அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"ஃபங்கஸ்! நம்ம ஊர் ஈரத்துக்கு கேமரா லென்ஸையே தின்னுடும். தேய்ச்சா வெள்ளியோட உரிஞ்சு வந்துடும், பாய். தொடாதே."

நான் தொடவில்லை. அக்காவிடம் சொல்லவும் இல்லை. வேறு பிரதி கிடைத்துவிடும் என்று நினைத்தேன். மூன்று சிடி முடிக்க ஐந்தாறு வாரமாவது ஆகும், அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். "ஓடுதால?" என்று அவள் கேட்டபோது, "ஓடுது, ஓடுது" என்றேன்.

உண்மையில் அன்றைக்கு அது மிகவும் வேகமாக ஓடியது. கப்பல் மோட்டார் படகு மாதிரி பறந்தது. கரையில் மரங்கள் கோடுகளாகப் போயின. கேப்டன் வாயைத் திறந்து மூடுவதற்குள் பேச்சு முடிந்தது. "இவன் எங்க போறான், ஆபீஸுக்கு லேட்டாயிட்டா?" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டுப் பல நாளாகியிருந்தது. உள்ளே இருக்கிற பொய்க் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நதி நதி மாதிரி ஓடுகிற இடத்தில் நிறுத்தினேன்.

அடுத்த சிக்கல், அவள் படுத்திருந்தாள். இடது பக்கம் சாய்ந்து படுத்தவளுக்கு நிமிர்ந்த திரை குறுக்காகத் தெரிந்தது. கழுத்து வலிக்கிறது என்றாள். அப்பா பார்த்தார். டிரங்குப் பெட்டியைக் கட்டிலோரம் இழுத்துப்போட்டு, மானிட்டரையே பக்கவாட்டில் சாய்த்து, இரண்டு பக்கமும் தலையணை வைத்து, கயிற்றால் ஒரு கட்டுப் போட்டார். கம்ப்யூட்டர்தான் புதிது, மானிட்டர் பழைய கனமான குழாய் மானிட்டர். சாய்த்ததும் ஒரு மூலையில் பச்சை படிந்தது. "அது காடுன்னு வச்சுக்க" என்றார் அப்பா.

அக்காவுக்கு இப்போது எல்லாம் நேராகத் தெரிந்தது. மற்ற எல்லாரும் தலையைச் சாய்க்க வேண்டியதாயிற்று. நான் நாற்காலியில் கழுத்தை ஒடித்துக்கொண்டு ஆங்கிலம் படிப்பேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தலையைச் சாய்ப்பாள். நாங்கள் பௌதி என்று கூப்பிடுகிற மாடிவீட்டு வங்காளி அண்ணி பாயசக் கிண்ணத்தோடு வந்து, வாசலில் நின்றபடி தலையைச் சாய்த்து, "ஓ மா, கீ ஷுந்தர் நொதி!" என்றார், எவ்வளவு அழகான நதி என்று. பிறகு அவரும் அடிக்கடி வர ஆரம்பித்தார்.

முதல் சிடி முடிந்ததும் நான் ஒரு தப்புச் செய்தேன். திரை இரண்டாவது சிடியைக் கேட்டது. எமுலேட்டரில் நான் ஏற்றியிருந்தது முதல் சிடியின் கோப்பை மட்டும். கொடுக்க ஒன்றும் இல்லை, சேமிக்கவும் வழியில்லை. மூடினேன். நடுவில் எங்கும் சேமிக்காமலே ஆடியிருந்ததால் நான்கு நாள் பயணம் போயிற்று.

"படிச்ச பிள்ள!" என்றாள் அக்கா. "கப்பல்ல ஏறுததுக்கு முன்னால எல்லா டிக்கெட்டும் எடுக்கணும்னு தெரியாதா?"

அவள் சொன்னதுதான் வழி. எல்லாக் கோப்புகளையும் முதலிலேயே வரிசையாக ஒரே வரியில் கொடுத்துவிட வேண்டும். விளையாட்டு கேட்கும்போது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அடுத்த சிடி வந்து நிற்கும். நான்காவதன் இடத்தில் பாதியில் நின்ற அந்த உடைந்த கோப்பையே பெயருக்கு வைத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. நான் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே, அன்றைக்கு எந்தத் துறை என்று யோசித்தபடி வருவேன். பகல் முழுக்க அக்கா முந்தின நாள் புதிரையே நினைத்துக்கொண்டிருப்பாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஏல, அந்த மணிக்கூண்டுல ஏணி இல்ல, ஆனா பக்கத்து வீட்டுல கொடிக்கயிறு இருக்கு" என்பாள். சுவரைப் பார்த்துப் படுப்பது நின்றது. குழந்தை அசைகிறதா என்று அம்மாவைக் கூப்பிடுவதும் குறைந்தது. "அது பாட்டுக்கு உதைக்கி. கப்பல் ஊதும்போது ஜாஸ்தி உதைக்கி" என்றாள் ஒருநாள்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை இருந்தது. ஒவ்வொரு துறையிலும் கப்பல் எறிகிற கயிற்றைப் பிடித்துக் கட்ட ஒரு பெண் நிற்பாள். சாம்பல் நிறத்தில் தலைக்கட்டு, ஒரு கை நீட்டியபடி. எல்லாத் துறையிலும் ஒரே படம். அவளைத் தொட்டால் ஒன்றும் நடக்காது.

"பத்தாவது கடிதாசி அவளுக்குத்தான்" என்றாள் அக்கா.

"அக்கா, அது வேலை மிச்சத்துக்காக ஒரே படத்தை எல்லா எடத்துலயும் போட்டிருக்காங்க. நாங்களும் ஆபீஸ்ல அப்படித்தான் செய்வோம். கடிதாசி கேப்டனுக்கு. அவன் டைரிய நான் படிச்சேன்லா?"

"நீ படிச்ச. நான் பாத்தேன். ஒரே படமில்ல, ஒரே ஆளு. கப்பலுக்கு முன்னால ஓடி ஓடி வாரா."

அப்பா தரையில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கவலை வேறு. "இப்படி ஒத்தச் சுத்துல கட்டினா தண்ணி ஏத்தத்துல கப்பல் போயிரும்" என்றார். பிறகு, "கயிறு பிடிக்கவன எவன் பாக்கான்? கப்பல்ல வாரவன் எல்லாம் ஊரத்தான் பாப்பான்" என்றார். அக்கா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள்.

மூன்றாவது சிடி நான் கணக்குப் போட்டதைவிடச் சீக்கிரம் முடிந்தது. அதற்குள் சந்தையில் எல்லாக் கடைகளிலும் கேட்டுவிட்டேன். இணையத்திலும் தேடிவிட்டேன். வேறு பிரதி எங்கும் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரை நான்காவது சிடியைக் கேட்டது. அக்கா தலையணையைச் சரிசெய்துகொண்டு, "போடுல" என்றாள்.

நான் போடவில்லை. பெட்டியைத் திறந்து அந்தச் சிடியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இது படிக்க மாட்டேங்குது, அக்கா. பூஞ்சக் காளான் தின்னிருக்கு. எனக்கு முதல்லயே தெரியும். சொல்லல."

அவள் சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் பழையபடி சுவரைப் பார்த்துத் திரும்பியது. "சரி. இன்னும் மூணு வாரந்தான" என்றாள்.

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலில் கிடந்த சிடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது பூஞ்சக் காளான் இல்லய்யா. நான் வச்ச பொட்டு."

"என்னது?"

"சரஸ்வதி பூசைக்கு வச்சது. சந்தனமும் குங்குமமும்."

ஊரே துர்கா பூஜைப் பந்தல்களில் அலைமோதும்போது எங்கள் வீட்டில் நவமியன்று புத்தகங்கள் அடுக்கிச் சரஸ்வதி பூஜை நடக்கும். என் புத்தகங்கள், அப்பாவின் கொக்கி, அம்மாவின் அரிவாள்மணை. அடுக்குவதும் பொட்டு வைப்பதும் அம்மாதான். பூஜை முடிந்து எடுத்து வைப்பதும் அவளே. அதில் இந்தப் பெட்டியும் இருந்தது எனக்குத் தெரியாது.

"இதுக்கு எதுக்கும்மா பொட்டு? அதுவும் இந்தப் பக்கத்துலயா வைப்ப?"

"அந்தப் பக்கம் எழுத்து இருக்கே, எழுத்து மேல எப்படிச் சந்தனம் வைக்க? வெறுமையா இருந்த பக்கத்துல வச்சேன். பெட்டியத் தொறந்தா மேல இதுதான் இருக்கும். ஒண்ணுக்கு வச்சா எல்லாத்துக்கும் வச்ச மாதிரி." அம்மாவின் குரல் இறங்கியது. "உனக்கு அத்தன புஸ்தகம் அடுக்குதேன். அவளுக்குன்னு வைக்க என்ன இருந்துச்சு இந்த வீட்டுல? இது ஒண்ணுதான் அவ உக்காந்து படிச்சது. வருசா வருசம் அவ பங்குக்கு இத வைப்பேன். கெடுத்துட்டனாய்யா?"

நான் மானிட்டரின் கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா பதறி, "ஏட்டி, சிரிக்காத, சிரிக்காத, டாக்டர் சொல்லியிருக்கார்" என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சந்தனம்னா கழுவலாம்லா? கழுவுல!" என்றாள்.

கழுவலாம். அது எனக்குத் தோன்றவில்லை. காளான் என்று நம்பி நான்கு வாரம் தொடாமல் வைத்திருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சிடியை ஊறவைத்தோம். ஏழெட்டு வருடத்துச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகியிருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மட்டும் துடைத்தேன். வட்டமாகத் துடைக்கக் கூடாது என்று படித்திருந்தேன். தண்ணீர் மஞ்சளாயிற்று, பிறகு ரோஜா நிறமாயிற்று. அம்மா அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவிடாமல் ஜன்னலோரத்துத் துளசித் தொட்டியில் ஊற்றினாள்.

திட்டு போய், மங்கலாக ஒரு வட்டம் மட்டும் மிஞ்சியது. இருக்கிறதிலேயே குறைந்த வேகத்தில் நகல் எடுக்கச் சொன்னேன். டிரைவ் முனகியது, நின்றது, திரும்ப முனகியது. ஐந்து மணிக்கு நகல் முடிந்தது. சில இடங்களைப் படிக்க முடியாமல் தாண்டி வந்ததாக ஒரு செய்தி. எந்த இடங்கள் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மறுநாள் ஞாயிறு. சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் தலையைச் சாய்த்து உட்கார்ந்தோம். இரண்டு விசைகளை அழுத்தினேன். ஒரு நிமிடம் கறுப்பு. பிறகு மலை, பனிமூட்டம், ஓடை அளவுக்குச் சிறுத்துப்போன நதி. அக்கா மௌஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

கடைசித் துறையில் வீடே இல்லை. மரப்பலகை ஒன்று, ஒரு முளை, கயிற்றுக்கு நிற்கிற அந்தப் பெண். என் கேப்டன் மேல்தட்டில் நின்றிருந்தான். "அவனுக்குக் குடுத்துப் பாரேன்" என்றேன். "நீ சும்மா இரி" என்று அக்கா பத்தாவது கடிதத்தை இழுத்துக்கொண்டு போய் அந்த நீட்டிய கையில் வைத்தாள்.

படம் அப்படியே நின்றது. வட்டம் பட்ட இடம் இதுதான் போலும் என்று நினைத்தேன். கோப்பிலிருந்து ஓடுவதால் டிரைவின் முனகல்கூட இல்லை. யாரும் நேராக உட்காரவில்லை.

பிறகு அவள் திரும்பினாள். விளையாட்டு முழுக்க ஒரே படமாக நின்றவள், தலைக்கட்டைச் சரிசெய்துகொண்டு, உறையைப் பிரித்து, நின்றபடியே வாசித்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. கடிதத்தை மடித்து மார்போரம் செருகிக்கொண்டு, கயிற்றை முளையிலிருந்து அவிழ்த்துக் கப்பலுக்குள் எறிந்தாள். தானும் ஏறிக்கொண்டாள். கப்பல் திரும்பி ஆற்றோட்டத்தோடு போனது.

"பேசினாளே, கேக்கலியே?" என்றாள் அம்மா.

"அந்தச் சத்தம் அழிஞ்சிருக்கும்மா. இன்னொரு தடவ நகல் எடுத்துப் பாக்கேன். வந்தாலும் வரும்."

"எதுக்குல?" என்றாள் அக்கா. "அவளுக்கு வந்த கடிதாசி. அவ படிச்சிட்டா. நமக்கு எதுக்கு?"

அப்பா எழுந்து கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொடக்கு எடுத்தார். "இப்பதான் ஒழுங்கா அவுத்தா" என்றார். அக்கா அன்று சாயங்காலம் முழுக்க என்னிடம் கேப்டனைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருந்தாள். டைரியில் வேறு என்னென்ன படித்தேன், ஆபீஸிலும் இப்படித்தான் படிப்பேனா, சம்பளம் எப்படித் தருகிறார்கள் என்றெல்லாம்.

பிரசவத்துக்கு இன்னும் கிட்டத்தட்ட மூன்று வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை நான் கிளம்பும்போது, சிடி மாற்ற அழுத்துகிற அந்த இரண்டு விசைகள் எவை என்று கேட்டுக்கொண்டாள். பச்சை நூலை அவற்றின்மேல் ஒட்டிவைக்கச் சொன்னாள். ஒட்டிவிட்டுப் போனேன். ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. கப்பல் முடிந்துவிட்டது, இனி பகல் முழுக்க என்ன செய்வாள், மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாளோ என்று இருந்தது. மத்தியானம் வீட்டுக்குப் போன் செய்தேன். நெடுநேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள்.

"அக்கா எப்படிம்மா இருக்கா?"

"அவளுக்கென்ன, நல்லா இருக்கா. பௌதியும் இங்கதான் இருக்கா. சாயங்காலம் பேசுய்யா, போன வை. கப்பல மறுபடி மொதல்லருந்து எடுத்து, நாங்க சதுப்புநிலத்துக்குள்ள போயிட்டிருக்கோம்."